இடுப்பிலிருந்து தலைக்கு மேலே

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டக் கூடைப்பந்துக் கழகச் செயலாளர் ஐயா அவர்களே, இந்தத் திடலை மனமுவந்து தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, வெயிலென்றும் பாராமல் காலையிலேயே வந்து கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பனியனும் ஷூவுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் என் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரியின் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்றாள் ஔவை. அந்தக் கைப்பழக்கமே தவறாகப் படிந்துவிட்டால் என்ன செய்வது?

கரியின் தந்தை டெல் கரி அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் 16 பருவங்கள் ஆடியவர், தூரத்திலிருந்து போடுவதில் பேர்போனவர். மகனோ சார்லட் நகரில் பள்ளியில் படிக்கும்போது ஒல்லி, குள்ளம். 10 அடி உயர ரிங்குக்குப் பந்து எட்ட வேண்டுமே! இடுப்புப் பக்கத்திலிருந்து கவண் வீசுவதுபோலத் தூக்கி எறிவான். பந்து விழத்தான் செய்தது. ஆனால் தந்தைக்குத் தெரியும், உயரமான தடுப்பாட்டக்காரன் முன்னால் நின்றால் அந்தப் பந்து கையைவிட்டே கிளம்பாது. ஒரு கோடை விடுமுறையில் மகனைக் கூப்பிட்டார். 'கல்லூரியில் ஆட ஆசையிருந்தால் பந்து தலைக்கு மேலிருந்து போகவேண்டும்' என்று சொல்லிவிட்டார். பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாக எழுதவேண்டும். வாரக்கணக்கில் ரிங்குக்கு அடியிலேயே நின்று போட்டான். ஓரடி பின்னால் வந்தாலும் பந்து எட்டவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் முகாமில் யாரும் கூப்பிடாத பையனானான். வீட்டு முற்றத்தில் கண்ணீர் வடித்துக்கொண்டே பந்து போட்ட இரவுகள் உண்டென்று வீட்டாரே பின்னாளில் சொன்னார்கள். தாய்மார்களே, அந்த முற்றத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தோள் வலிக்கிறது, பந்து ரிங்கைத் தொடாமலே கீழே விழுகிறது, அப்பா மறுபடியும் பந்தை எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

சித்திரமும் கைப்பழக்கம்!

அதற்குப் பிறகும் பெற்றோர் படித்து ஆடிய வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் உதவித்தொகை தரவில்லை. டேவிட்சன் என்ற சிறு கல்லூரிக்குப் போனார். 2008இல் அந்தக் கல்லூரியைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகள் வரை கொண்டுபோனார். 2009இல் என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, புதுமுகத் தேர்வில் 7ஆவது ஆளாக எடுத்தது. கணுக்கால் காயத்தால் 2011-12 பருவத்தில் 26 ஆட்டம்தான். அடுத்த பருவமே, தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிப் பந்துகள் 272, ஒரே பருவத்தில் அன்றைக்கு அது சாதனை. 2015-16இல் 402! 2021 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில் மொத்த மூன்று புள்ளிப் பந்துகளில் முன்னாள் வீரர் ரே ஆலனின் 2,973ஐத் தாண்டினார். 2025இல் 4,000ஐத் தொட்ட முதல் மனிதர். நான்கு பட்டங்கள் வென்ற அணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும், அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது ஒன்றைத்தான். போன மாதம் ஒரு பயிற்சி முகாமில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை, பெரிய ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே கொண்டுபோய், உடம்பையே வில்லாக வளைத்து எறிந்தாள். பந்து வலையின் நுனியைக்கூடத் தொடவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் 'பலம் பத்தாது' என்றார்கள். பலமல்ல ஐயா, பந்தும் ரிங்கும்தான் அவளுக்குப் பொருந்தவில்லை! சிறுவர் கூடைப்பந்துக்கு 5ஆம் எண் பந்து, 2.60 மீட்டர் உயர ரிங் என்று பல நாடுகளில் வழக்கமிருக்கிறது. நம் பிள்ளைகளைப் பெரியவர்களின் 3.05 மீட்டர் ரிங்குக்கு அடியில் நிறுத்தி, கரி கண்ணீர்விட்டு அழித்த அதே தப்பான பழக்கத்தை நாமே கையில் ஏற்றுகிறோம். எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு டெல் கரி இருக்கிறாரா?

செயலாளர் ஐயா அவர்களே, ஒவ்வொரு பள்ளியிலும் ஏற்றி இறக்கும் ரிங் ஒன்று, சின்னப் பந்து பத்து. இந்த மேடையிலேயே அறிவித்தால் மகிழ்வேன். அதுவரைக்கும், உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, அந்தத் தெற்குச் சுவரில் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலே ஒரு வளையம் அடித்துக் கொடுங்கள். இரும்புக்கும் ஆணிக்கும் ஆகும் செலவு என்னுடையது.

நன்றி, வணக்கம்.