சாதனத்தையே கேளுங்கள்: வொர்க்லோட் சோதனையில் சாதன ஆதரவைப் பராமரிப்பது

[திரையில்: ஜூனோ போர்டு. மேலே 0 முதல் 5 வரை எண்ணிட்ட ஆறு காலிக் கட்டங்கள்]

இது ஆர்ம் நிறுவனத்தின் ஜூனோ போர்டு. ஆறு கோர்கள், அதாவது நிரலை ஓட்டும் ஆறு செயலிப் பகுதிகள். நான்கு சின்னவை, வேகம் குறைந்த கார்டெக்ஸ் ஏ53. இரண்டு பெரியவை, வேகம் கூடிய கார்டெக்ஸ் ஏ57. வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு யோசித்துப் பாருங்கள்: லினக்ஸ் இவற்றுக்கு 0 முதல் 5 வரை எண் கொடுக்கும்போது, அந்த இரண்டு பெரிய கோர்களும் எந்த எண்களில் உட்காரும்?

கடைசியில்தானே, 4, 5? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் நான் வேலை செய்த ஓட்ராய்டு எக்ஸ்யூ3 போர்டில் 0 முதல் 3 வரை சின்ன ஏ7, 4 முதல் 7 வரை பெரிய ஏ15. அந்தப் பழக்கத்தில் ஜூனோவுக்கும் சோதனைக் கருவியில் கோர் பட்டியலை அதே வரிசையில் எழுதி வைத்துவிட்டேன்.

[திரையில்: கட்டங்கள் நிறம் மாறுகின்றன. 1, 2 மட்டும் சிவப்பு]

உண்மையில் பெரியவை 1, 2. போர்டைத் தொடங்கி வைப்பது ஒரு ஏ53. அதனால் 0 என்ற எண் அதற்குப் போய்விடுகிறது. மற்றவை டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டின் வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் கோப்பில், எழுதியிருக்கும் வரிசையில் எண் வாங்குகின்றன. அங்கே ஏ57 இரண்டும் முதலில் இருக்கின்றன.

அப்புறம் என்ன ஆனது? சின்ன கோர்களில் மட்டும் கட்டிப்போட்டு ஓட்டியதாக நான் நம்பிய சோதனை, சில நேரம் பெரிய கோர் சோதனையைவிட வேகமாக முடிந்தது. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. வரைபடங்கள் அழகாக வந்தன. இரண்டு வாரம் ஓட்டிய எண்களை அத்தனையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது. சோதனைக் கருவியில் சாதன ஆதரவு, அதாவது ஒவ்வொரு சாதனத்திலும் கருவியைச் சரியாக ஓட வைப்பது, என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். கருவி உடைந்தால் தெரிந்துவிடும், சரி செய்துவிடலாம். உடையாமல் தவறான எண்ணைக் கொடுத்தால்தான் ஆபத்து.

[திரையில்: ஒரு கணினி, ஒரு கேபிள், மறுமுனையில் போனும் போர்டும்]

ஆர்ம் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட வொர்க்லோட் ஆட்டோமேஷன் என்ற பைதான் கருவியை வைத்தே இதை விளக்குகிறேன். எந்த வொர்க்லோடை, அதாவது சாதனத்தில் ஓட்டிப் பார்க்கும் வேலையை, ஓட்ட வேண்டும், எத்தனை முறை, எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று ஒரு யாம்ல் கோப்பில் எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு அஜெண்டா என்று பெயர். கணினியிலிருந்து சாதனத்துக்குக் கட்டளை அனுப்ப ஆண்ட்ராய்டில் ஏடிபி, லினக்ஸில் எஸ்எஸ்எச் என்று வழிகள் உண்டு. கருவி அவற்றில் ஒன்றின் வழியாகச் சாதனத்துக்குள் போய், தேவையானதை ஏற்றி, ஓட்டி, முடிவுகளை எடுத்து வரும்.

இதன் பழைய பதிப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி கிளாஸ், அதாவது தனி நிரல் பகுதி, இருந்தது. கோர்களின் பெயர், எது எந்த கிளஸ்டர், அதாவது எந்தக் கோர் கூட்டம், என்பதெல்லாம் கையால் எழுதும் பட்டியல்கள். மூன்றாம் பதிப்பில் சாதனத்தோடு பேசும் வேலை டெவ்லிப் என்ற தனி நூலகத்துக்குப் போனது. பெயர் சொல்லித் தெரிந்துகொள்வது குறைந்து, சாதனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்வது கூடியது. இது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

[திரையில்: சிபியு தகவல் கோப்பு, வரி வரியாக நகர்கிறது]

கேட்பது எப்படி? லினக்ஸின் ப்ராக் அடைவில் சிபியு தகவல் கோப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் அதில் ஒரு பாக எண் உண்டு. டி03 என்றால் ஏ53, டி07 என்றால் ஏ57. இதைப் படித்திருந்தால் என் இரண்டு வாரம் வீணாகியிருக்காது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அணைந்திருக்கும் கோர் அந்தக் கோப்பில் வரவே வராது. ஸ்னாப்டிராகன் 800 சிப் காலத்துப் போன்களில் எம்பிடிசிஷன் என்ற பின்னணி நிரல் தன் இஷ்டத்துக்குக் கோர்களை அணைக்கும், எழுப்பும். நீங்கள் படிக்கும் நொடியில் நான்கில் ஒன்றுதான் விழித்திருக்கலாம். ஆகவே முதலில் அதை நிறுத்த வேண்டும், எல்லாக் கோர்களையும் எழுப்ப வேண்டும், அதன் பிறகே படிக்க வேண்டும்.

[திரையில்: ஆண்ட்ராய்டு பதிப்பு எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன]

சாதனம் அப்படியே இருந்தாலும் உள்ளே ஓடும் மென்பொருள் மாறும். இங்கேதான் பராமரிப்பு வேலை நிஜமாகவே குவிகிறது.

ஆண்ட்ராய்டு 7, அதாவது 2016க்கு முன்னால், ஏடிபி ஷெல்லில், அதாவது சாதனத்தின் கட்டளை வரியில், ஓட்டிய கட்டளை தோற்றாலும் கணினிக்கு வரும் விடை பூஜ்ஜியம்தான். பூஜ்ஜியம் என்றால் வெற்றி என்று அர்த்தம். கோப்பு இல்லை, அனுமதி இல்லை, எதுவானாலும் வெற்றி! அதனால் கருவி ஒவ்வொரு கட்டளையின் வாலிலும், முடிவு எண்ணை அச்சடி என்று இன்னொரு கட்டளையைச் சேர்த்து அனுப்பும். திரும்பி வரும் எழுத்தில் கடைசி வரியைக் கிழித்தெடுத்து எண்ணைப் படிக்கும். ஏடிபி சரியாகிவிட்டதே, இதை எடுத்துவிடலாமே என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றும். பழைய போன் ஒன்றாவது ஆதரவுப் பட்டியலில் இருக்கும்வரை எடுக்காதீர்கள். ஏன் இருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி கருத்துரை எழுதி வையுங்கள்.

அடுத்தது ஆண்ட்ராய்டு 8. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை அதற்கு முன் எல்லாவற்றையும் காட்டியது. இதில் கூடுதல் விருப்பம் கொடுக்காவிட்டால் உங்கள் ஷெல்லுக்குச் சொந்தமானவை மட்டுமே தெரியும். வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் செயலி உயிரோடு இருக்கிறதா என்று கருவி தேடினால், இல்லை என்று விடை வரும். அது பாட்டுக்குத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்!

அனுமதி கேட்கும் பெட்டிகள் ஆண்ட்ராய்டு 6இல் வந்தன. நிறுவும்போதே அனுமதிகளைக் கொடுத்துவிட்டால் அது தீர்ந்தது. ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதிய செயலிகளை நிறுவவே மறுக்கிறது. ஏடிபியில் அதைத் தாண்ட ஒரு விருப்பம் உண்டு. பழைய பெஞ்ச்மார்க்குகளை வைத்திருப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் நிரலில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டியிருக்கும். எதை வைத்து நிபந்தனை எழுதுவது? முதலில் நடத்தையைச் சோதியுங்கள்: இந்தக் கட்டளை இந்த விருப்பத்தை ஏற்கிறதா? முடியாவிட்டால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். சாதனத்தின் பெயரை வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுங்கள்.

[திரையில்: அருகருகே எக்ஸ்யூ3, எக்ஸ்யூ4 போர்டுகள்]

பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இந்த இரண்டும் போதும். இரண்டிலும் எக்ஸினோஸ் 5422 சிப்தான். ஆனால் எக்ஸ்யூ3இல் ஏ15, ஏ7, ஜிபியு, நினைவகம் என நான்குக்கும் மின்சக்தி அளக்கும் சென்சார்கள் உண்டு. எக்ஸ்யூ4இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். ஒரே சிப், ஒரே ஆதரவு என்று எழுதியவருக்கு ஆற்றல் அளவீடு வராது.

தொடுதிரைப் பதிவுகள் தனிக் கதை. ரெவென்ட் என்ற கருவி விரல் அசைவை உள்ளீட்டு நிகழ்வுகளாகப் பதிந்து திரும்ப ஓட்டும். திரையின் அளவு மாறினால் அந்தப் பதிவு உதவாது. அதனால் சாதனத்துக்குச் சாதனம் புதிதாகப் பதிந்தே ஆக வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இங்கே இல்லை. உட்கார்ந்து விரலால் செய்ய வேண்டிய வேலை.

[திரையில்: ஒரு மேசை, யுஎஸ்பி ஹப்பில் வரிசையாக போன்கள்]

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும், அந்தச் சாதனம் அவர் மேசையில் இருக்க வேண்டும். யார் கையிலும் இல்லாத சாதனத்தின் நிரலை வைத்திருக்காதீர்கள் என்பேன். அது வேலை செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்க்கிறவர் நம்பித்தானே ஓட்டுவார்?

இருக்கும் சாதனங்களுக்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று எழுதுங்கள். ஒரு கோப்பை அனுப்பி, திரும்ப வாங்கி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். தோற்றே ஆக வேண்டிய ஒரு கட்டளையை ஓட்டி, அது தோற்றதாகவே கருவி சொல்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். கோரின் அதிர்வெண்ணை, அதாவது ஓடும் வேகத்தை, ஓர் அளவில் நிறுத்தி, சாதனத்திடமிருந்து திரும்பப் படியுங்கள். எழுதியது ஏறாமல் போவது உண்டு. கடைசியாக ரீபூட் செய்து, சாதனம் மறுபடி கைக்கு வருகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின்போதும் வொர்க்லோட் ஆட்டோமேஷன் சாதனத்தைப் பற்றிய தகவலை ஒரு ஜேசான் கோப்பில் எழுதி வைக்கிறது. கர்னல் பதிப்பு, கோர்கள், ஆண்ட்ராய்டு பதிப்பு எல்லாம் அதில் இருக்கும். அதை அழிக்காதீர்கள். எண்கள் திடீரென்று மாறிய அன்று, நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

[திரையில்: ஜூனோவின் ஆறு கட்டங்கள் மறுபடியும். 1, 2 சிவப்பு]

என் ஜூனோவில் இப்போது ஓட்டம் தொடங்குமுன் கருவி பாக எண்களைப் படித்து, அஜெண்டாவில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் எந்தக் கோர், எதிர்பார்த்தது எது, கிடைத்தது எது என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.