கடலில் கோடு போடுவது யார்? செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையில் ஒரு பதில்

வணக்கம். நான் நிற்கும் இந்த இடத்திலிருந்து கடல் தெரியாது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை இது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம்வரை பஸ்ஸில் போக வேண்டும். ஆனால், கடலை ஆளும் முடிவுகளில் கடலோர மக்களுக்கு இடம் கொடுப்பது எப்படி என்று உலகமே தேடிக்கொண்டிருக்கும் பதிலில் பாதி இந்தக் கரையில் கிடைக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், காட்டுகிறேன்.

(திரையில்: வற்றிய கண்மாய், விடியற்காலை)

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா என்று ஊர் அறிவிக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விடியும் முன்பே சனம் வந்து கரையை நிறைத்துவிடும். தோளில் ஊத்தா, கையில் கச்சா, தூரி என்று மீன்பிடிக் கருவிகள். ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை. அதைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே துள்ளும் விராலைப் பிடிக்க வேண்டும். கைக்குப் பழக்கம் இல்லையென்றால் கெளுத்தி முள் குத்தித்தான் திரும்புவீர்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம், மீன் பிடிப்பதற்கு முன்னால் வரும் அந்த அரை மணி நேரம். ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். எதிரே மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது. வேலி கிடையாது. ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. ஒருமுறை என் பக்கத்தில் நின்ற சிறுவன் பொறுக்க முடியாமல் ஒரு காலை இறக்கினான். அவன் பாட்டி சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "வெள்ளை வீசட்டும் அப்பு" என்றார். அவ்வளவுதான். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுகிறார்கள். அடுத்த நொடி கண்மாய் முழுக்க ஆள். பிடித்த மீனை விற்பதில்லை. அன்று வீட்டுக்கு வீடு மீன் குழம்பு மணக்கும்.

ஏன் இப்படிக் கட்டுப்படுகிறார்கள்? துண்டை வீசுகிறவர் அவர்களுடைய ஆள் என்பதால். இத்தனை மாதம் மீனை விட்டுவைத்ததும் அவர்கள்தான், இன்றைக்குச் சாப்பிடப்போவதும் அவர்கள்தான். விதி போட்டவரும் விதிப்படி நடப்பவரும் ஒரே கரையில் நிற்கிறார்கள்.

இப்போது கடலுக்குப் போவோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2030க்குள் உலகக் கடல்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. பழங்குடி மக்கள், உள்ளூர் மக்களின் உரிமைகளை மதித்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்று அந்த இலக்கிலேயே எழுதியிருக்கிறது.

நம் பாக் விரிகுடாவுக்கு வாருங்கள். அங்கேயும் ஒரு வெள்ளைத் துண்டு உண்டு. 1970களில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே கடுமையான மோதல்கள். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள்: திங்கள், புதன், சனி விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு. கடலில் கோடு போட்டால் அலை அழித்துவிடும் என்று தெரிந்தவர்கள், கிழமையில் கோடு போட்டார்கள். எவ்வளவு நுட்பமான யோசனை, பாருங்கள்!

அதே கடலில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம், 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுக் காப்பகம் அறிவித்தது. சுமார் 448 சதுர கிலோமீட்டர், இந்தியாவிலேயே முதலாவது. நான் மனமார வரவேற்கிறேன். கடற்பசு, நம் மீனவர்கள் வாயில் ஆவுளியா, கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான உயிர். வலையில் சிக்கியதை, வலையை அறுத்து உயிரோடு கடலில் விட்டவர்கள் இந்த மீனவர்கள்தான். கடற்புல் எங்கே அடர்த்தி, எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும், வாடையில் எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இப்படிப்பட்ட காப்பகத்தை உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அறிவிக்கலாம் என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நல்லது. ஆனால் அதை நிர்வகிக்க ஆலோசனை சொல்லும் குழுவில் யார் யார்? சட்ட வாசகம் சொல்வது: வனத்துறை, கிராம ஊராட்சிகளின் பிரதிநிதிகள், தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூன்று பேர், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மனதில் வைத்து 2002இல் சேர்த்த பிரிவு அது. மீன்வளத் துறை என்ற சொல்லும் அங்கே இல்லை. மீனவர்கள் தங்களுக்குள் நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அதில் பெயர் சொல்லி ஒரு நாற்காலி இல்லை. கடலுக்காக இந்தப் பிரிவைத் திருத்தி எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"நாற்காலி கொடுத்தால் முடிவே எடுக்க முடியாது, சண்டைதான் வரும்" என்பவர்களுக்காக ஒரு செய்தி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

(திரையில்: கனடாவின் மேற்குக் கரை)

ஹைடா குவாய் என்ற தீவுக்கூட்டம். ஹைடா மக்களின் பூர்வீக மண். 1985இல் மரம் வெட்டுவதை எதிர்த்து அவர்கள் சாலையை மறித்தார்கள். வயதான பாட்டிமார்களும் கைதானார்கள். 1993இல் கனடா அரசும் ஹைடா மக்களும் அந்தத் தீவுகளின் தென்பகுதியைப் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தாளைப் பாருங்கள்: இரண்டு பத்திகள், அக்கம்பக்கமாக. ஒன்றில், இந்த நிலம் எங்களுடையது என்கிறது ஹைடா தரப்பு. இன்னொன்றில், இது அரசின் நிலம் என்கிறது கனடா. இரண்டையும் அழிக்காமல் அப்படியே விட்டு, 'இந்த இடத்தைக் காப்பதில் இருவரும் ஒன்று' என்று அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நிர்வாகக் குழுவில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. 2010இல் சுற்றியுள்ள கடலுக்கும் இந்த ஏற்பாட்டை நீட்டினார்கள்.

பங்காளிச் சண்டை தீராமலேயே, பொது வீட்டின் கூரையைச் சேர்ந்து ஓடு மாற்றும் செட்டிநாட்டு வளவுகளை, அதாவது பங்காளிகளின் கூட்டு வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள். உரிமை வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், மழை ஒழுகக் கூடாது.

உங்கள் ஊர்க் கண்மாயில் வெள்ளை வீசுவது யார் என்று கீழே எழுதுங்கள். மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கத்து உறவுகளே, காப்பகம் பற்றி உங்கள் ஊரில் யார் வந்து கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று அவசியம் சொல்லுங்கள், ஒன்றுவிடாமல் படிப்பேன்.

நாளைக் காலை அறந்தாங்கி பஸ்ஸில் ஏறுகிறேன். செவ்வாய்க்கிழமை, நாட்டுப்படகு நாள். கரை திரும்புகிறவர்களிடம் மைக்கை நீட்டப்போகிறேன்.