ஓத்ராந்தோவில் நாலு நாள்: முதல்ல தரையைப் பாருங்க

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாளா விடவே இல்ல. ஜெர்மனியில இருக்கிற ஒரு நேயர் எழுதியிருக்காங்க. "ஐயா, மே மாசக் கடைசியில தெற்கு இத்தாலியில ஓத்ராந்தோங்கிற கடற்கரை ஊர்ல நாலு நாள் தங்கப் போறோம். ரெண்டு பிள்ளைங்க, கூட எங்க அம்மாவும் வர்றாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி. கடல்ல குளிக்கிறதைத் தவிர அங்க என்ன செய்யலாம்?"

படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்மா. ரோம், வெனிஸ் பத்தி வாராவாரம் கேட்கிறாங்க. ஓத்ராந்தோவை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கும்னு சொல்வோம் இல்லையா, அந்தப் பூட்ஸோட குதிகால்ல, கிழக்கு விளிம்புல இருக்கு இந்த ஊர். எதிர்க்கரை அல்பேனியா, சுமார் 70 கிலோமீட்டர்தான். வானம் தெளிஞ்சிருந்தா அந்த மலைங்க கண்ணுக்குத் தெரியும். கோட்டை மதில், அதுக்குள்ள சந்துசந்தா பழைய ஊர், மதிலை ஒட்டியே கடல். கோட்டையைப் பத்தி நான் அதிகம் சொல்லப் போறதில்ல. பிள்ளைங்க கேட்டா கூட்டிட்டுப் போங்க, அம்மாவுக்கு அந்தப் படியெல்லாம் வேண்டாம்.

அம்மாவை நீங்க கூட்டிட்டுப் போக வேண்டிய இடம் கதீட்ரல், அதாவது பேராயரோட பெரிய தேவாலயம். பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். ஒரு ஊருக்குப் போனா முதல்ல தரையைப் பாருங்க. பொம்பெய் பத்திப் பேசினப்போ ஒரு வீட்டு வாசல்ல "நாய் ஜாக்கிரதை"ன்னு தரையில கல் பதிச்சு எழுதியிருக்கிறதைக் காட்டினேன். ராவென்னா பேச்சுல மட்டும் மாத்திச் சொன்னேன், அங்க மொசைக், அதாவது கல் பதிச்ச சித்திரம் எல்லாம் சுவர்லயும் கூரையிலயும் இருக்கு, நிமிர்ந்து பாருங்கன்னு. ஓத்ராந்தோவுல மறுபடியும் குனியணும்.

நான் முதல் தடவை போனப்போ குனியல. உள்ள நுழைஞ்சதும் மேல தங்க முலாம் பூசின மரக்கூரை பளபளன்னு கண்ணை இழுத்துது, அதைப் பார்த்துக்கிட்டே நடந்துட்டேன். அங்க வேலை பார்க்கிற ஒரு பெரியவர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். ஒண்ணும் பேசல. விரலை மட்டும் கீழ காட்டினார். பார்த்தா யானை. ரெண்டு யானை. அதுங்க முதுகு மேல ஒரு மரம். அந்த மரம் வாசல்கிட்ட ஆரம்பிச்சு, கோயிலோட நீளம் முழுக்க, பீடத்தை நோக்கி வளர்ந்துகிட்டே போகுது.

எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு கல்லு. 1163-லேர்ந்து 1165 வரைக்கும் பதிச்சது. செஞ்சவர் பேர் பந்தலியோனே, ஒரு துறவி. அவர் பேரைத் தரையிலயே பதிச்சு வச்சிருக்காங்க. ஊருக்குத் தெற்கே கசோலேன்னு ஒரு இடத்துல இருந்த கிரேக்க மடத்தைச் சேர்ந்தவர்னு சொல்றாங்க. வேலையைக் கொடுத்தவர் லத்தீன் பேராயர் ஜொனாத்தா. நாட்டை ஆண்டது, வடக்கு பிரான்சுலேர்ந்து வந்த நார்மன் வம்சத்து அரசர். கிரேக்கம், லத்தீன், நார்மன் மூணும் அந்த ஒரு தரையில வந்து சேர்ந்திருக்கு. அதனாலதான் அந்த மரத்துக் கிளைகள்ல யார் யாரோ இருக்காங்க. நோவா பேழை கட்டுறார். பாபேல் கோபுரம் எழும்புது. மாவீரன் அலெக்சாந்தரை ரெண்டு சிறகு மிருகங்க வானத்துக்குத் தூக்கிட்டுப் போகுது. இன்னொரு பக்கம் "ரெக்ஸ் ஆர்த்தூருஸ்"னு எழுத்து, இங்கிலாந்துக் கதைகள்ல வர்ற ஆர்தர் ராஜா! நார்மன்காரங்க வடக்குல கேட்ட கதைகளை இங்கயும் கொண்டுவந்திருக்கணும். நோவாவும் ஆர்தரும் ஒரே மரத்துல இருக்கிறது அந்தத் துறவிக்கு ஒரு முரணாவே படல. அதை நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

யானை ஏன் கீழ நிக்குதுன்னு பிள்ளைங்க கண்டிப்பாக் கேட்கும். அவங்களையே யோசிக்க விடுங்க. நான் நினைக்கிறது என்னன்னா, இத்தனை கதையையும் சுமக்கிறதுக்கு அந்தத் துறவி தனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய, பொறுமையான உசிரைத் தேடியிருக்கார்.

கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட ஒண்ணு சொல்லி வைங்க. பீடத்துக்கு வலது பக்கச் சிற்றாலயத்துல கண்ணாடிப் பேழைகள்ல மனுஷ எலும்புகள் இருக்கு. 1480 ஜூலைக் கடைசியில ஒட்டோமான் துருக்கியரோட கப்பல்கள் வந்து ஊரை முற்றுகை போட்டுது. ரெண்டு வாரத்துல ஊர் விழுந்துது. பேராயரை இந்தக் கதீட்ரலுக்குள்ளயே கொன்னாங்க. ஆகஸ்ட் 14 அன்னைக்கு மினர்வா குன்றுல சுமார் 800 ஆண்களைத் தலை வெட்டினாங்க. அவங்க எலும்புதான் அது. 2013-ல போப் பிரான்சிஸ் அவங்களைப் புனிதர்களா அறிவிச்சார். திடீர்னு பார்த்தா பிள்ளைங்க பயந்துடும், அதான் சொல்றேன். அவ்வளவு ரத்தத்துக்கு அப்புறமும் அந்தத் தரை இருக்கு.

கடலைப் பத்திக் கேட்கலைன்னாலும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பக்கத்து ஆளுங்க கடலுக்குப் போறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு கேட்பாங்க. வடகாத்துக்கு அங்க திரமொந்தானா, தென்காத்துக்கு ஷிரோக்கோ. வடகாத்து அடிச்சா உங்க பக்கம் அலை ஏறும், அன்னைக்குக் குதிகாலோட மறுபக்கம், அயோனியன் கரைக்குப் போயிடுவாங்க. தென்காத்துன்னா உங்க பக்கமே நல்லாயிருக்கும். காலையில காபிக் கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க. அங்க காபின்னா ஐஸ் மேல சூடா எஸ்பிரசோ ஊத்தி, வாதுமைப் பால் கலந்து தருவாங்க. அம்மாவுக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுல ஃப்ரீசா. பார்லி ரொட்டியைச் சுட்டு, குறுக்கா வெட்டி, மறுபடியும் சுட்டுக் காய வச்சது, கல்லு மாதிரி இருக்கும். தண்ணியில முக்கி எடுத்து, தக்காளியைத் தேய்ச்சு, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடணும். நான் தங்கின வீட்டம்மா முக்கும்போது மூணு எண்ணுவாங்க, அதுக்கு மேல ஒரு நொடி விட மாட்டாங்க. கூட ஒரு நொடி ஊறினா கூழாயிடும்னு என் கையிலேர்ந்து பிடுங்கிட்டாங்க. ஓரம் கடக்குன்னு இருக்கணும், நடுவுல மெத்துன்னு இருக்கணும். மீனவங்க கடல் தண்ணியிலயே முக்கிச் சாப்பிடுவாங்களாம்.

கார் இருந்தா ஒரு நாள் ஊருக்குத் தெற்கே, அலுமினியம் எடுக்கிற பாக்சைட் தாதுவைத் தோண்டின பழைய சுரங்கம். 1976-ல வேலையை நிறுத்தினாங்க. தோண்டின பள்ளத்துல தண்ணி ஊறி, செக்கச்செவேல்னு மண்ணுக்கு நடுவுல பச்சையா ஒரு குளம். குளிக்கிற இடம் இல்ல, நின்னு பார்க்கலாம். இன்னொரு நாள் விடியக்காலையில பலாஷியா முனை. இத்தாலியோட கிழக்குக் கடைசி அதுதான், கலங்கரை விளக்கம் 1867-ல கட்டினது. புத்தாண்டு அன்னைக்கு முதல் சூரியனைப் பார்க்க அங்க கூட்டம் கூடும். கலங்கரை விளக்கத்துக்கு இறங்குற பாதை சரிவு, அம்மா மேல சாலை ஓரத்துலேர்ந்தே பார்க்கட்டும்.

என்கிட்ட என்ன செய்யலாம்னு கேட்டீங்க. எங்க உட்காரலாம்னு கேட்டிருந்தா நான் இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன். நாலு நாள்ல ரெண்டு காலை கதீட்ரலுக்கு வைங்க. மதியம் மூடிடுவாங்க, அதனால காலையிலயே போயிடுங்க. அம்மாவை ஒரு பெஞ்சுல உட்கார வைங்க. அந்த மரத்துல பன்னிரண்டு வட்டம் இருக்கு, மாசத்துக்கு ஒண்ணு, ராசியும் அந்த மாசத்து வேலையும். ஒருத்தர் நெருப்புல கை காய்ச்சுறார், ஒருத்தர் கோதுமை அறுக்கிறார், ஒருத்தர் உழுறார். கயிறு கட்டியிருக்கிற இடத்துல கால் வைக்காம, பிள்ளைங்க ஓரமா நடந்து பாட்டி பிறந்த மாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அந்த மாசத்துல யார் என்ன வேலை செய்யறாங்கன்னு எனக்கு எழுதுங்க.