யாத்திரைப் பையில் கேமரா சார்ஜர்

வணக்கம் நேயர்களே. பழனி, இராமேஸ்வரம், காசி என்று கேமராவோடு புறப்படும், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் குடும்பங்களுக்காக இன்றைய உரை.

முதலில் பேட்டரி சார்ஜரைத் திருப்பி, அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் மலேசியா, இந்தியாவின் 230 வோல்ட்டும் ஜப்பானின் 100 வோல்ட்டும் அதற்கு ஒன்றுதான். வோல்ட்டேஜ் மாற்றி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். முடி உலர்த்திக்கென்று விற்கும் மலிவான மாற்றியில் சார்ஜரைச் செருகவே கூடாது. மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும் அந்தக் கருவி, சார்ஜரின் மின்னணுச் சுற்றைக் கெடுத்துவிடும்.

மாறுவது பிளக்கின் வடிவம். நமக்குத் தட்டையான மூன்று முனை, இந்தியாவில் உருண்டை முனை. முனை வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் போதும் என்பார்கள். எனக்கு அது அரை மனதுதான். தேய்ந்த சாக்கெட்டில் அடாப்டர், அதன்மேல் சார்ஜர் என்று தொங்கவிட்டால் எடை தாங்காமல் முன்னால் சாயும். பிடிப்பு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் கருகும். விடிந்து பார்த்தால் பேட்டரி பாதிகூட ஏறியிருக்காது. சில சார்ஜர்களில் எட்டு வடிவக் குழி இருக்கும். அதற்கேற்ற, இந்திய பிளக் உள்ள வயரை அங்கேயே வாங்கிச் செருகினால் சார்ஜர் மேசைமேல் கிடக்கும், சுவரில் எடை விழாது.

ஊர் திரும்பிய பிறகு அந்த வயரை நம் சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பேனாவை அழுத்தாதீர்கள். அது குழந்தைகளின் விரலைக் காக்கும் மூடியைத் திறக்கும் வேலை. தட்டையான துளையில் உருண்டை முனைக்குப் பிடிப்பும் கிடைக்காது, நம் 13 ஆம்பியர் பிளக்குக்குள் இருக்கும் பியூஸின் காவலும் போய்விடும்.

விடுதியில் சுவரில் செருகிய சாவி அட்டையை உருவினால் பல அறைகளில் சாக்கெட்டுக்கும் மின்சாரம் நின்றுவிடும். தரிசனத்துக்குக் கிளம்பும் முன் சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள். சாவி, சில்லறை உரசினால் ஷார்ட் ஆகும். 7.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி 14.4 வாட்-மணிதான், விமானத்தின் வழக்கமான வரம்பு 100.

பத்ரிநாத் வரை ஏறுவோர், குளிரில் உறைந்த பேட்டரியை உடனே சார்ஜில் போட வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழ் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்து, அதன்பின் செருகுங்கள். நன்றி, வணக்கம்.