அம்மாச்சிக்குத் தலைத் திவசம் எந்த நாளில்? பேத்தி என்ன செய்யலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். "என்னை வளர்த்தது அம்மாச்சிதான். போன வருடம், 2024-இல், கிருஷ்ண ஜெயந்தி அன்று பகலில் தவறிவிட்டார்கள். தலைத் திவசம் வருகிறது. ஆகஸ்ட் 26 என்று தேதியைப் பார்த்துச் செய்வதா, இந்த வருடக் கிருஷ்ண ஜெயந்தியில் செய்வதா? திதி மாமாதான் கொடுப்பார். பேத்தி நான் என் வீட்டில் ஏதாவது செய்யலாமா? அம்மாச்சிக்குக் கருவாடு என்றால் உயிர், அதைப் படைக்கலாமா?"

சரி, முதலில் நாளைப் பார்த்துவிடுவோம். நீங்கள் சொன்ன இரண்டு நாளுமே இல்லை.

திதிக்குத் தமிழ் மாதம் வேண்டும், வளர்பிறையா தேய்பிறையா என்று தெரிய வேண்டும், அப்புறம் திதி. 2024 ஆகஸ்ட் 26 என்பது ஆவணி 10. அன்று பகல் முழுக்கத் தேய்பிறை அஷ்டமி. ஆக, அம்மாச்சியின் திதி ஆவணி மாதத் தேய்பிறை அஷ்டமி.

இப்போது 2025-க்கு வாருங்கள். கிருஷ்ண ஜெயந்தி ஆகஸ்ட் 16-ஆம் தேதியே வந்துவிடுகிறது. ஆனால் அன்றைக்கு ஆடி 31, ஆவணி இன்னும் பிறக்கவில்லை. ஏன் இப்படி என்றால், சந்திரக் கணக்கில் பன்னிரண்டு மாதம் சேர்ந்தாலும் 354 நாள்தான். வருடா வருடம் பதினோரு நாள் முந்திக்கொண்டே வரும். அதனால் ஆடியில் வருகிற அஷ்டமியை விட்டுவிட்டு, ஆவணிக்குள் வரும் தேய்பிறை அஷ்டமியை எடுக்க வேண்டும். அது செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி 29. தேதிக்கும் திதிக்கும் கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப் போகிறது பாருங்கள். திருப்பூர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் தெலுங்கு பேசும் குடும்பமாக இருந்து, சந்திர மாதம் பார்க்கிற வழக்கம் இருந்தால் ஆகஸ்ட் 16-தான் வரும். வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, பேத்தி செய்யலாமா என்பது. எள்ளும் தண்ணீரும் இறைப்பது, பிண்டம் வைப்பது, இதெல்லாம் மாமா செய்யட்டும். அது அவருடைய கடமை. ஆனால் விளக்கேற்றிப் படத்துக்குப் பூப்போட்டு, இலையில் சோறு படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். "மகள் வயிற்றுப் பேத்திக்கு என்ன உரிமை" என்று சொந்தத்தில் ஒருவர் நிச்சயம் கிளம்புவார். வளர்த்தவளுக்கு ஒரு பிடி சோறு வைப்பதற்கு என்ன உரிமை வேண்டிக் கிடக்கிறது? கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள். மாமா வீட்டில் திதி முடிந்தபிறகு உங்கள் வீட்டில் படையுங்கள், அதுதான் முறையாக இருக்கும். நேரத்துக்கு அவசரப்பட வேண்டாம், பித்ரு காரியத்துக்குப் பிற்பகல்தான் உகந்தது.

சமையலுக்கு வருவோம். திதிச் சமையலில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் சேர்ப்பதில்லை. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், இவைதான். இதில் ஒரு கதை உண்டு. திவசத்துக்கு அழைத்த வசிஷ்டரிடம் விசுவாமித்திரர், "ஆயிரத்தெட்டுக் கறி வேண்டும்" என்றாராம். அருந்ததி பாகற்காய், பிரண்டை, பலாக்காய், இன்னும் எட்டுக் காய் சமைத்துப் பரிமாறினாள். இலையில் ஆயிரத்தெட்டு எங்கே என்றால், பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு, மிச்சம் எட்டு. கணக்குச் சரியாகிவிட்டது. பலாக்காய் கிடைக்கவில்லையே என்று நீங்கள் மார்க்கெட் மார்க்கெட்டாக அலைய வேண்டாம், வாழைக்காய் போதும்.

கருவாடு? இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. மீன், கறி, வெற்றிலை பாக்கு, சுருட்டு வரைக்கும் வைப்பார்கள். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாமா வீட்டில் புரோகிதர் வைத்துச் சைவமாகச் செய்கிற அன்றைக்கு நீங்களும் சைவமாகவே செய்யுங்கள். கருவாட்டுக் குழம்பை நீங்கள் சொன்ன ஆகஸ்ட் 26-க்கு வைத்துக்கொள்ளுங்கள். அது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் கவிச்சி இல்லை என்கிற வீடாக இருந்தால் வேறொரு நாளில் வையுங்கள். மறுநாள் புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி, அது வேண்டாம்.

அப்புறம், செப்டம்பர் 14 மகாளய பட்சத்துக்குள், அதாவது எல்லோரும் முன்னோருக்குத் திதி கொடுக்கிற இரண்டு வாரத்துக்குள் வருகிறது. 21-ஆம் தேதி மகாளய அமாவாசை. அந்த இரண்டு வாரமும் புரோகிதர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாமாவிடம் சொல்லி இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.