‘ஸ்டாக் முடிந்தது’ என்பதும் ஒரு சரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதித் தொழிலில் மெர்ச்சண்டைசராகப் பல காலம் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டு பையருக்கும் நம்மூர் ஃபேக்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் தையல் லைனில் இருக்கும் நேயர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிலையத்தார் எனக்குக் கொடுத்த கேள்வி இதுதான்: பெரிய பெரிய டிசைனர்கள் மலிவு விலைக் கடைகளோடு சேர்ந்துகொண்டு, கொஞ்ச நாளைக்கு மட்டும், கொஞ்சம் மட்டும் விற்கிறார்களே, அதில் யாருக்கு என்ன லாபம்?

நமக்கு ஆடித் தள்ளுபடி தெரியும். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் கூட்டம் இருக்காது. தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழையதைத் தள்ளிவிட வேண்டும். அதனால் விலையைக் குறைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். இந்த ‘லிமிடெட் எடிஷன்’ வியாபாரம் அதற்கு நேர் தலைகீழ். இதில் பழைய சரக்கே சேராது. அளவைக் குறைத்தே ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

2004 நவம்பரில், ஸ்வீடன் நாட்டு எச் அண்ட் எம் கடைகளில் கார்ல் லாகர்ஃபெல்ட் வடிவமைத்த உடுப்புகள் விற்பனைக்கு வந்தன. பாரிஸில் ஷனேல் நிறுவனத்தின் ஆடைகளை வடிவமைத்தவர் அவர். அவருடைய உடுப்பைச் சாதாரணச் சம்பளக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அது டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் விற்கிற கடைக்கு வந்தால் என்ன ஆகும்? பல ஊர்களில் கதவு திறந்த சில மணி நேரத்தில் ரேக் காலி. இதில் வேடிக்கை என்னவென்றால், சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லாகர்ஃபெல்ட் கோபப்பட்டார். இவ்வளவு குறைவாகத் தைத்துவிட்டார்களே என்பது அவருடைய வருத்தம். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். கடைக்காரருக்கோ எல்லோரும் கேள்விப்பட்டால் போதும்.

அதன் பிறகு அதே கடையில் 2005-இல் ஸ்டெல்லா மெக்கார்ட்னி, 2011-இல் வெர்சாச்சே, 2015-இல் பால்மேன். முதல் நாள் ராத்திரியே ஆட்கள் வந்து நடைபாதையில் படுத்துவிடுவார்கள். கூட்டத்தைச் சமாளிக்க மணிக்கட்டில் கலர் கலராகப் பட்டை கட்டி, ஒரு கலருக்குச் சில நிமிடம் என்று உள்ளே விட்டார்கள். யோசித்துப் பாருங்கள், காசு கொடுத்து வாங்க வந்தவரை வெளியே நிறுத்தி, நேரம் குறித்து அனுப்புகிறார்கள். அவரும் சந்தோஷமாகக் கையை நீட்டுகிறார்.

கணக்கு இப்படித்தான் போகிறது. உலகம் முழுக்கக் கடை வைத்திருக்கிற ஒரு நிறுவனத்துக்கு, டிசைனர் பெயர் போட்ட கொஞ்சம் உடுப்பில் வரும் லாபம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த வரிசையின் படம் மறுநாள் பேப்பரில் வரும். அதே இடத்தைக் காசு கொடுத்து விளம்பரத்துக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும்? அப்புறம், வரிசையில் நின்றும் கிடைக்காதவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று பக்கத்து ரேக்கில் ஒரு பேண்ட்டாவது எடுப்பார். இந்தக் கடைக்குள் காலே வைக்காத ஆட்களும் அன்றைக்கு வருவார்கள். டிசைனருக்கு ஒரு தொகை கிடைக்கும். கூடவே, இன்று ஆயிரத்தில் வாங்குகிற பெண் நாளைக்கு நல்ல சம்பளம் வந்ததும் அதே பெயரில் சென்ட்டோ கைப்பையோ வாங்குவாள் என்ற நம்பிக்கையும் இருக்கும். ஆக, அந்த உடுப்பை நான் விளம்பரச் செலவில்தான் எழுதுவேன். ‘ஸ்டாக் முடிந்தது’ என்ற பலகைதான் அன்றைக்கு விற்ற சரக்கு.

சரி, இந்த உடுப்பு எப்படித் தயாராகிறது என்று ஃபேக்டரி பக்கமிருந்து பார்ப்போம். 2011 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் இத்தாலிய மிசோனி குடும்பத்தின் பெயரில் சுமார் நானூறு வகைப் பொருட்கள் வந்தன. மிசோனி என்றாலே பின்னலாடையில் பல நிறங்களில் ஏறி இறங்கும் ஜிக்ஜாக் கோடு. அன்று காலை டார்கெட் இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் அமேசானை விட்டுத் தனியாக வந்த தளம் அது. மாலைக்குள் அதே பொருட்கள், வாங்கியவர்களே மறுபடி விற்கிற ஈபே தளத்தில் கூடுதல் விலைக்குக் குவிந்தன. நம்மூர் மான்யதா டெக் பார்க்கில் டார்கெட்டுக்குப் பெரிய அலுவலகம் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அங்கேயே வேலை பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் ஒரு கடைகூடக் கிடையாது.

கோடு போட்ட துணியைக் கட்டிங் டேபிளில் விரிக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். ப்ளெயின் துணி என்றால் அடுக்கடுக்காக விரித்து, பேட்டர்னை, அதாவது வெட்ட வேண்டிய பாகங்களின் அளவு வடிவத்தை, எப்படி வேண்டுமானாலும் நெருக்கி வைத்து வெட்டலாம். கோடு என்றால் நடக்காது. மேஜையில் ஊசிகளை நிறுத்தி, ஒவ்வொரு அடுக்கின் கோடும் கீழே உள்ள கோட்டின் மேல் உட்காரும்படி குத்தி விரிக்க வேண்டும். பக்கத் தையலில் முன்பாகத்தின் கோடும் பின்பாகத்தின் கோடும் சேர வேண்டுமானால் பேட்டர்னைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். நடுவில் துணி வீணாகும். கன்சம்ப்ஷன், அதாவது ஒரு உடுப்புக்கு ஆகும் துணி, ஏறும். பாதி நாள் போன பிறகும் மேஜை முடியாது. கட்டிங் மாஸ்டர் நம்மை முறைப்பார். இதோடு, எண்ணிக்கை குறைவு என்றால் சாயப் பட்டறைக்காரர் தன்னுடைய குறைந்தபட்ச அளவைச் சொல்லிக் கூடுதல் கேட்பார். சாம்பிளுக்கு ஆன செலவு முழுவதும் கொஞ்சம் பீஸின் தலையில் விழும்.

விலையோ மலிவாக இருக்க வேண்டும். என்ன செய்வார்கள்? பின்ன வேண்டிய கோட்டை அச்சடிப்பார்கள். பட்டுக்குப் பதில் பாலியஸ்டர். லைனிங்கை எடுத்துவிடுவார்கள். பட்டனில் இரண்டைக் குறைப்பார்கள். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, அந்த விலைக்கு அதுதான் வரும். ஆனால் வாங்குகிறவர் கைக்குப் போவது அந்த டிசைனரின் வரைபடமும் பெயரும்தான். அவர் பெயர் எந்தத் துணியால் பெரிதானதோ, அந்தத் துணி போவதில்லை. இதைத் தெரிந்து வாங்கினால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

இதே விவாதம் நம் நாட்டிலும் வந்தது. 2021 ஆகஸ்ட் 12 அன்று நம் டிசைனர் சப்யசாச்சியும் எச் அண்ட் எம்மும் சேர்ந்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் எச் அண்ட் எம்மின் முதல் சேலையும் உண்டு, விலை 9,999 ரூபாய். சப்யசாச்சியின் கல்யாண லெஹங்கா லட்சக் கணக்கில் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இணையத்தில் சில நிமிடங்களிலேயே பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. உடனே கைவினை அமைப்புகள் பல சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. துணியில் கையால் அச்சடிக்கும் நம் கலைஞர்களின் மரபைப் பார்த்து உருவான டிசைன்களை இயந்திரத்தில் அச்சடித்து விற்றதில் அந்தக் கலைஞர்களுக்கு என்ன கிடைத்தது என்று அவை கேட்டன. இந்திய டிசைனை உலகச் சந்தையில் நிறுத்துவதுதான் நோக்கம் என்ற ரீதியில் சப்யசாச்சி பதில் சொன்னார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவலாம். நான் கைவினை அமைப்புகள் பக்கம். சில நிமிடங்களில் தீர்ந்துபோகிற அளவுக்குப் பெயர் இருக்கும்போது, அதில் ஒரு சிறு பகுதியையாவது கையால் அச்சடிக்க வைத்து, தனி லேபிள் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாம். அதுவும் விற்றிருக்கும்.

கூட்டு வைத்தாலே கூட்டம் வந்துவிடும் என்றும் இல்லை. 2012 டிசம்பரில் அதே டார்கெட், நீமன் மார்கஸ் என்ற பணக்காரர் கடையோடு சேர்ந்து 24 டிசைனர்களின் பொருட்களைக் கொண்டுவந்தது. விலை டார்கெட் வாடிக்கையாளருக்குக் கூடுதல், பொருள் நீமன் மார்கஸ் வாடிக்கையாளருக்குச் சாதாரணம். கிறிஸ்துமஸ் வருவதற்குள்ளேயே பாதி விலைக்கு இறங்கியது. ‘லிமிடெட்’ என்று எழுதிய அட்டையோடு தள்ளுபடிக் கூடையில் கிடப்பதைப் போன்ற சங்கடம் இந்தத் தொழிலில் வேறு இல்லை.

டிசைனருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் புகழ்பெற்ற தொப்பியைச் செய்த டிசைனர் ஹால்ஸ்டன், 1983-இல் ஜே.சி. பென்னி என்ற நடுத்தர மக்கள் கடைக்கு உடுப்பு வடிவமைத்தார். உடனே நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மன் என்ற பணக்காரர் கடை அவருடைய விலை உயர்ந்த ஆடைகளை எடுத்துவிட்டது. தன் பெயரின் உரிமையை அவர் முன்பே விற்றிருந்தார். சீக்கிரமே அந்தப் பெயரில் வடிவமைக்கும் வாய்ப்பும் அவர் கையை விட்டுப் போனது. இருபது வருடம் கழித்து லாகர்ஃபெல்ட் செய்தபோது ஷனேலுக்கு ஒரு கீறலும் விழவில்லை. காலம் மாறியது ஒரு காரணம். ஆனால் முக்கியக் காரணம், ஹால்ஸ்டனுடையது நீண்ட கால ஒப்பந்தம், லாகர்ஃபெல்டுடையது ஒரே ஒரு முறை. சீக்கிரம் தீர்ந்துவிட்டதே என்று அவர் கோபப்பட்டாரே, அந்தத் தீர்ந்துபோனதுதான் அவர் பெயரைக் காப்பாற்றியது.

எனக்குப் பிடித்த கூட்டு இந்த ஒரு நாள் கூத்து எதுவும் இல்லை. மைக்கேல் கிரேவ்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் 1985-இல் இத்தாலிய அலெஸ்ஸி நிறுவனத்துக்கு ஒரு கெட்டில் வடிவமைத்தார். தண்ணீர் கொதித்தால் மூக்கில் உள்ள குட்டிப் பறவை விசில் அடிக்கும். விலை எட்டாத உயரம். பிறகு வாஷிங்டன் நினைவுத் தூணைப் பழுது பார்த்தபோது அதைச் சுற்றிய சாரத்தை வடிவமைத்தவர் அவர், அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் டார்கெட் ஒன்று. அந்தப் பழக்கத்தில் 1999-இல் டார்கெட்டுக்காகவே கெட்டில், டோஸ்டர் என்று புதிதாக வடிவமைத்தார். பழையதை மலிவாக நகலெடுக்காமல், அந்த விலைக்கு என்ன செய்ய முடியும் என்று முதலிலிருந்து யோசித்த பொருட்கள் அவை. வரிசை கிடையாது, மணிக்கட்டுப் பட்டை கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்தன, வேண்டியவர் வேண்டியபோது வாங்கினார்.

ஃப்ரேசர் டவுன், அல்சூர் பக்கம் சிறிய பொட்டிக் நடத்தும் பெண்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு, நாங்களும் ஒரு டிசைனரோடு சேர்ந்து செய்யலாமா அண்ணா என்று. தாராளமாகச் செய்யலாம். டிசைனர்தான் வேண்டும் என்றுகூட இல்லை. கோ-ஆப்டெக்ஸ் சில சேலைகளோடு நெசவாளரின் பெயரும் படமும் போட்ட அட்டையை வைத்தது. நின்று படித்துவிட்டுத்தான் ஜனங்கள் பில் போடப் போனார்கள். நாற்பது சேலை ஒரு நெசவாளர் பெயரில் கொண்டுவந்து, இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். ஆனால் பேச்சோடு விடாமல் தாளில் எழுதுங்கள். விற்காமல் நின்றால் அந்தச் சேலை யாருடையது, எந்தத் தேதிக்கு மேல் விலை குறைக்கலாம், நன்றாகப் போனால் அதே டிசைனை மறுபடி நெய்ய யாரைக் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். நன்றி, வணக்கம்.