எழுத்துக்குக் கூலி கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். படைப்பிலக்கியம் படிக்கிற பிள்ளைகள், எம்.ஏ. முடித்துவிட்டுக் கதையும் கவிதையும் எழுதிக்கொண்டிருப்பவர்கள், அவர்களைப் பார்த்து 'இது சோறு போடுமா' என்று கவலைப்படுகிற அம்மா அப்பாக்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். சோறு போடும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள்? இந்த இரண்டு கேள்வியைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை. எம்.ஏ. முடித்த வருஷம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்த கையோடு பத்திரிகை அடிக்க எங்களிடம் வருவார்கள். ஒருநாள் மத்தியானம் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மகளுக்குக் கல்யாணம். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்களிடம் இருந்த மாதிரிகளில் எல்லாம் அப்பா அழைப்பார், இல்லாவிட்டால் பெரியப்பா, தாய்மாமன். அந்த அம்மா சொன்னார்: "மீன் வித்து வளத்தது நானு. கூப்பிடறதும் நானாத்தான் இருக்கணும். எய்திக் குடு கண்ணு."

நான்கு வரி எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது நிறுத்தினார். "அது யாரும்மா அன்னார்? அவருன்னு போடு." போட்டேன். வரி உயிர் பெற்றது. நல்ல எடிட்டர் என்றால் எனக்கு இன்றும் அந்த அம்மாதான். கிளம்பும்போது சுருக்குப்பையை அவிழ்த்து இருபது ரூபாய் நீட்டினார். வேண்டாம் என்றேன். "நான் மீனை சும்மாவா குடுக்கறேன்?" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

எழுத்துக்கு நான் வாங்கிய முதல் கூலி அது. பிற்பாடு அந்தப் பாடத்தை மறந்தேன். ஒரு பதிப்பகத்துக்கு இருநூறு பக்கம் மொழிபெயர்த்தேன், தொகை பேசாமல். பத்துப் பிரதி கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகளே, மொழிபெயர்ப்போ, ப்ரூஃபோ, சப்டைட்டிலோ, ஒலிப்புத்தகமோ, சொல்லுக்கு இவ்வளவா, பக்கத்துக்கு இவ்வளவா, எப்போது வரும் என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள்.

சரி, உதவித்தொகைக்கு வருவோம். 'கதை எழுதுகிறவளுக்கு நெட் தேர்வு எதற்கு' என்று ஒரு மாணவி கேட்டாள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கிற தேசியத் தகுதித் தேர்வுதான் நெட். அதை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து, முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். 2023 முதல் அதுதான் தொகை. பகலில் ஆய்வு, விடியற்காலையில் நாவல். வாடகை கட்டிவிட்டு எழுதலாம், அது சின்ன விஷயமா? இளம் எழுத்தாளர்களுக்காக நேஷனல் புக் டிரஸ்ட் நடத்தும் பி.எம்.-யுவா திட்டம் 2021-இல் தொடங்கியது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆறு மாதம், மாதம் 50,000 ரூபாய். தமிழிலேயே எழுதி அனுப்பலாம், எதைப் பற்றி என்பது மட்டும் அவர்கள் தருவது. சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது 35 வயது வரை, அதுவும் 50,000 ரூபாய், ஆனால் ஒரே ஒரு தடவை. அதுவும் அச்சில் வந்த புத்தகத்துக்குத்தான். அதனால் கையில் இருப்பதை முதலில் முடியுங்கள்.

வீட்டில் உட்கார இடமில்லை என்பீர்கள். எங்கள் பக்கத்து ஒற்றை அறை வீடுகள் எனக்குத் தெரியும். உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வானொலியையும் விட்டுவிடாதீர்கள். ஆகாசவாணியின் யுவவாணி நிகழ்ச்சி இளைஞர்களுக்கென்றே இருக்கிறது.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. வெளிநாட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. என்ற படைப்பிலக்கியப் பட்டம் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை 1936-இலேயே தொடங்கிவிட்டது. பல இடங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கும் தருவார்கள். பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடன் வாங்கிப் போகாதீர்கள், முழு உதவி தரும் இடங்களுக்கே விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி வரும். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால், விலக்குத் தருவீர்களா என்று எழுதிக் கேளுங்கள். வணக்கம்.